நானோ அளவு உற்பத்தியும் திறன்மிகு பொருள்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறியியல் மாணவர்களும் வடிவமைப்பிலும் ஆலைகளிலும் பணிபுரிபவர்களும் இவ்விரு துறைகளைப் பற்றி மீண்டும் மீண்டும் எழுப்பும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. இரண்டையும் சேர்த்தே பேசுவதற்குக் காரணம் உண்டு. தூண்டலுக்கேற்பத் தம் பண்பை மாற்றிக்கொள்ளும் திறன்மிகு பொருள்கள் பலவற்றின் நடத்தை அவற்றின் படிக அமைப்புக்குள் நானோமீட்டர் அளவில் நிகழும் மாற்றத்திலிருந்து பிறக்கிறது. அதே அளவில் பொருளைச் செதுக்கவும் அளக்கவும் பயன்படும் கருவிகளோ திறன்மிகு பொருள்களைக் கொண்டே இயங்குகின்றன.

நானோ அளவு என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ., ஏறத்தாழ 1 முதல் 100 நானோமீட்டர் வரையிலான நீளத்தை நானோ அளவு என்று வரையறுக்கிறது. 100 என்பது வசதிக்காக வகுத்த எல்லை. 101 நானோமீட்டரில் இயற்கை தன் விதிகளை மாற்றிக்கொள்வதில்லை.

பொறியாளருக்கு இதைவிடப் பயனுள்ள அளவுகோல் அணுக்களே. சிலிக்கான் படிகத்தின் அடிப்படை அலகுக்கு ஒரு பக்கம் 0.543 நானோமீட்டர். எனவே 10 நானோமீட்டர் அகலமுள்ள ஒரு சிலிக்கான் கோட்டின் குறுக்கே இத்தகைய அலகுகள் பதினெட்டுதான் இருக்கும். அதில் ஓர் அலகு கூடினாலோ குறைந்தாலோ அகலத்தில் 5 விழுக்காட்டுக்கு மேல் பிழை ஏற்பட்டுவிடும். இயந்திரப் பட்டறையில் பழகிய தாங்குபிழை (ஏற்கத்தக்க அளவுப் பிழை) என்னும் கருத்து இந்த அளவில் அணுக்களை எண்ணும் கணக்காக மாறுகிறது.

ஒரே பொருள் சிறிதாகும்போது அதன் குணம் ஏன் மாறுகிறது?

முதற்காரணம் மேற்பரப்பு. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்டினால், பொருளின் அளவு கூடாமலேயே மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டர் ஆகிறது. மேற்பரப்பில் உள்ள அணுவுக்கு எல்லாப் பக்கமும் பிணைப்பு கிடைப்பதில்லை. அதனால் அது எளிதில் வினைபுரியும், எளிதில் இடம்பெயரும். மந்தமான உலோகம் என்று பெயர்பெற்ற தங்கம், சில நானோமீட்டர் அளவுத் துகள்களாகத் தகுந்த ஆக்சைடின்மேல் பரவியிருக்கும்போது கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனேற்றம் செய்யும் வினையூக்கியாவதும், சாதாரண உருகுநிலையான 1,064 டிகிரி செல்சியசுக்கு வெகு கீழேயே உருகுவதும் இதனால்தான்.

இரண்டாம் காரணம் எலக்ட்ரான்கள் அடைபடுவது. குறைகடத்தித் துகள் மிகச் சிறியதானால் அதிலுள்ள எலக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகள் துகளின் அளவைப் பொறுத்தே அமைகின்றன. காட்மியம் செலினைடு என்னும் ஒரே சேர்மம், சிறிய துகளாக இருக்கும்போது நீல ஒளியையும் பெரிய துகளாக இருக்கும்போது சிவப்பு ஒளியையும் உமிழ்கிறது. குவாண்டம் புள்ளிகள் எனப்படும் இவற்றுக்காக மௌங்கி பாவெண்டி, லூயிஸ் புரூஸ், அலெக்ஸி எக்கிமோவ் ஆகிய மூவருக்கும் 2023-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உலோகவியலில் மூன்றாவதாக ஒன்றும் சேர்கிறது. உலோகத்தின் படிகக் குருணைகளைச் சிறிதாக்கினால் அது வலுவடையும் என்பது பழைய அறிவு. ஆனால் பல உலோகங்களில் குருணை 10 முதல் 20 நானோமீட்டர் அளவுக்குக் கீழே செல்லும்போது இந்தப் போக்கு நின்று, சிலவற்றில் வலிமை குறையவும் தொடங்குகிறது; அந்நிலையில் குருணைகளின் எல்லைகளே வழுக்கத் தொடங்கிவிடுகின்றன. சிறிதாக்கினால் எல்லாம் மேம்படும் என்று எண்ணுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்த முடியும் என்கிறார்களே, அப்படியே எதையும் கட்டலாம் அல்லவா?

நகர்த்த முடியும் என்பது உண்மை. ரிச்சர்ட் ஃபெயின்மன் 1959-இல் ஆற்றிய உரையில் இதைக் கோட்பாட்டளவில் முன்வைத்தார். கெர்ட் பின்னிக்கும் ஹைன்ரிக் ரோரரும் 1981-இல், கூரிய நுனியால் பரப்பை வருடிப் பார்க்கும் ஸ்கேனிங் டனலிங் நுண்ணோக்கியை உருவாக்கிய பிறகு அணுக்களைத் தனித்தனியே காண முடிந்தது. 1989-இல் ஐ.பி.எம். ஆய்வகத்தில் டான் ஐக்லர், நிக்கல் பரப்பின்மேல் 35 செனான் அணுக்களை ஒவ்வொன்றாக இழுத்து நிறுத்தி நிறுவனத்தின் பெயரை எழுதிக்காட்டினார். அது 4 கெல்வின் வெப்பநிலைக்கு அருகே, உயர் வெற்றிடத்தில் நடந்தது; அறை வெப்பநிலையில் அந்த அணுக்கள் பரப்பில் தங்கியே இருக்காது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிராம் கார்பனில் ஏறத்தாழ 5-க்குப் பின் 22 சுழியங்கள் இடத்தக்க எண்ணிக்கையில் அணுக்கள் உள்ளன. அத்தகைய நுண்ணோக்கியின் ஒரு நுனி நொடிக்குப் பத்து இலட்சம் அணுக்களைப் பிழையின்றி வைக்கும் என்று தாராளமாக எடுத்துக்கொண்டாலும், அந்த ஒரு கிராமை அடுக்கி முடிக்க ஏறத்தாழ 160 கோடி ஆண்டுகள் ஆகும். நுனிகளின் எண்ணிக்கையைப் பெருக்கலாம். ஆனால் ஒவ்வொரு நுனியும் தேயும், ஒவ்வொன்றையும் கண்காணிக்க வேண்டும்.

இத்துறையின் உண்மையான பொறியியல் இங்கேதான் தொடங்குகிறது என்பது என் உறுதியான கருத்து. ஒரு நானோ அமைப்பை ஒருமுறை செய்துகாட்டுவது அறிவியல் சாதனை. அதே அமைப்பைக் கோடிக்கணக்கில், ஒன்றுபோல் ஒன்றாக, கட்டுப்படியாகும் செலவில் செய்து, செய்தது சரிதானா என்று அளந்தும் காட்டுவதே உற்பத்தி. ஆயிரம் படிகள் கொண்ட ஒரு செய்முறையில் ஒவ்வொரு படியும் 99.9 விழுக்காடு வெற்றி பெற்றால் முடிவில் தேறுவது 37 விழுக்காடு மட்டுமே. தேறும் விகிதம் 90 விழுக்காடாக வேண்டுமானால் ஒவ்வொரு படியும் 99.99 விழுக்காடு பிழையின்றி நடந்தாக வேண்டும். ஆய்வகத்தில் புகழப்பட்ட பல முறைகள் ஆலையை எட்டாமல் நின்றுபோனதற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

பெரிய பொருளைச் செதுக்கிச் சிறிதாக்கும், மேலிருந்து கீழ் செல்லும் முறைகளில் முதன்மையானது எது?

லித்தோகிராஃபி. சிலிக்கான் தட்டின்மேல் ஒளியுணர் பூச்சு ஒன்றைத் தடவி, வேண்டிய வடிவத்தை ஒளியால் அதில் பதித்து, பதிந்த பகுதியை அல்லது பதியாத பகுதியைக் கரைத்து நீக்கி, வெளிப்பட்ட இடத்தை அரித்தெடுத்தோ அங்கே வேறு பொருளைப் படியவைத்தோ அடுத்த அடுக்குக்குச் செல்வதே இதன் சாரம். ஒரே ஒளிப்பதிவில் கோடிக்கணக்கான வடிவங்கள் ஒருசேரப் பதிகின்றன. மேலே சொன்ன 160 கோடி ஆண்டுக் கணக்கிலிருந்து இத்துறையைக் காப்பாற்றுவது இந்த ஒருசேரப் பதியும் தன்மைதான்.

பதிக்கத்தக்க மிகச் சிறிய கோடு, ஒளியின் அலைநீளத்துக்கு நேர்விகிதத்திலும் ஒளியியல் அமைப்பு ஒளியைச் சேகரிக்கும் கோணத்தைக் குறிக்கும் எண்துளைக்கு எதிர்விகிதத்திலும் அமைகிறது. நெடுங்காலம் 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிரே பயன்பட்டது. வில்லைக்கும் தட்டுக்கும் இடையே நீரை நிரப்பி அதன் எல்லையை மேலும் நீட்டித்தார்கள். அடுத்த பாய்ச்சலாக வந்தது 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள அதீதப் புற ஊதாக் கதிர். நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். நிறுவனம் உருவாக்கிய இவ்வகை இயந்திரங்கள் 2019 வாக்கில் பெருமளவு உற்பத்திக்கு வந்தன.

இந்தக் கதிரைக் காற்று விழுங்கும், கண்ணாடியும் விழுங்கும். ஆகவே முழுப் பாதையும் வெற்றிடத்தில் அமைய வேண்டும், வில்லைகளுக்குப் பதிலாக ஆடிகளே வேண்டும். கதிரை உண்டாக்க, ஏறத்தாழ 25 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருகிய வெள்ளீயத் துளிகள் நொடிக்கு 50,000 வீதம் வீழ்த்தப்படுகின்றன. ஒவ்வொரு துளியின்மீதும் முதல் லேசர் துடிப்பு பட்டு அதைத் தட்டையாக்க, இரண்டாம் துடிப்பு அதைப் பிளாஸ்மாவாக்குகிறது. ஆடிகள் மாலிப்டினமும் சிலிக்கானும் மாறிமாறி அடுக்கப்பட்டவை. ஓர் இணையடுக்கின் தடிமன் சுமார் 7 நானோமீட்டர். அவ்வளவு செய்தும் ஓர் ஆடி எதிரொளிப்பது 70 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. பத்து ஆடிகளில் பட்டுத் திரும்பினால் தொடக்கத்தில் இருந்த ஒளியில் 3 விழுக்காட்டுக்கும் குறைவே எஞ்சும்.

இன்னும் ஆழமான இடர் ஒன்று உண்டு. 13.5 நானோமீட்டர் ஒளியின் ஒவ்வொரு ஃபோட்டானும் ஏறத்தாழ 92 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்டது. 193 நானோமீட்டரில் அது 6.4 மட்டுமே. எனவே ஒரே அளவு ஆற்றலைப் பூச்சுக்குள் செலுத்தும்போது வந்துசேரும் ஃபோட்டான்களின் எண்ணிக்கை பதினான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. எண்ணிக்கை குறைந்தால் இடத்துக்கு இடம் ஏற்படும் தற்செயல் வேறுபாடு பெரிதாகும்: கோட்டின் விளிம்பு கரடுமுரடாகும், சில இடங்களில் துளையே விழாமல் போகும். இது இயந்திரத்தின் குறை அன்று. ஒளி துகள்களாக வருவதன் விளைவு. கூடுதல் ஒளியைச் செலுத்தி இதைக் குறைக்கலாம், ஆனால் அப்போது ஒரு மணி நேரத்தில் முடியும் தட்டுகளின் எண்ணிக்கை குறையும்.

"3 நானோமீட்டர் சில்லு" என்றால் அதில் உள்ள டிரான்சிஸ்டர் 3 நானோமீட்டர் அளவா?

இல்லை. அது ஒரு தலைமுறையின் வணிகப் பெயர். அத்தகைய சில்லுகளில், டிரான்சிஸ்டரின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியான வாயில்களில் அடுத்தடுத்தவற்றுக்கு இடையேயான தொலைவு இன்னும் பத்துக்கணக்கான நானோமீட்டர் அளவிலேயே உள்ளது. இரு நிறுவனங்களின் சில்லுகளை ஒப்பிட விரும்புபவர் பெயரில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, ஒரு சதுர மில்லிமீட்டரில் எத்தனை டிரான்சிஸ்டர்கள் உள்ளன என்பதைக் கேட்கலாம்.

கீழிருந்து மேல் கட்டும் முறைகள் எவை?

பொருளைச் செதுக்காமல், மூலக்கூறுகளே தம் வேதியியலால் உரிய இடத்தில் சென்று அமருமாறு செய்யும் முறைகள் இவை. ஆலைகளில் மிக ஆழமாக வேரூன்றியது அணு அடுக்குப் படிவு. பின்லாந்தின் துவோமோ சுந்தோலா 1974-இல் மின்னொளிர் திரைகளுக்காக இதை வளர்த்தெடுத்தார். 2018-இல் அவருக்கு மில்லெனியம் தொழில்நுட்பப் பரிசு கிடைத்தது.

அலுமினியம் ஆக்சைடை எடுத்துக்கொள்வோம். அலுமினியத்தைக் கொண்ட ஓர் ஆவியை அறைக்குள் விட்டால் அது பரப்பிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளோடு (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்தவை) வினைபுரிந்து ஓர் அடுக்காக ஒட்டும். பரப்பு நிரம்பியதும், எவ்வளவு ஆவியை விட்டாலும் மேலும் ஒட்டாது. மிச்சத்தை வெளியேற்றிவிட்டு நீராவியை விட்டால் அந்த அடுக்கு ஆக்சைடாகி, அடுத்த சுற்றுக்குத் தேவையான ஹைட்ராக்சில் தொகுதிகளோடு ஆயத்தமாகும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.1 நானோமீட்டர் வளர்கிறது; 10 நானோமீட்டர் வேண்டுமானால் நூறு சுற்றுகள். வினை தானே நின்றுவிடுவதால் ஆவி ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் வந்தாலும் தடிமன் மாறாது. ஆழமான குறுகிய பள்ளத்தின் அடியிலும் சுவரிலும் ஒரே அளவாகப் பூச்சு படியும். மனிதக் கட்டுப்பாட்டின் துல்லியத்தை நம்பாமல் வேதியியலின் இயல்பையே அளவுகோலாக்கிய இந்த எண்ணம், நானோ உற்பத்தியில் எழுந்தவற்றுள் மிக அழகானது என்று கருதுகிறேன்.

இதன் தேவை நடைமுறையில் வந்தே தீர்ந்தது. டிரான்சிஸ்டர் வாயிலின் கீழிருந்த சிலிக்கான் டை ஆக்சைடு சுமார் 1.2 நானோமீட்டர் வரை மெலிந்தபோது எலக்ட்ரான்கள் அதை ஊடுருவிக் கசியத் தொடங்கின. 2007-இல் இன்டெல் தன் 45 நானோமீட்டர் தலைமுறைச் சில்லுகளில் ஹாஃப்னியம் அடிப்படையிலான ஆக்சைடைக் கொண்டுவந்தது. மின்புலத்துக்கு அதிகம் இசையும் பொருள் என்பதால் அடுக்கைத் தடிமனாக வைத்துக்கொண்டே அதே மின்தேக்கத் திறனைப் பெற முடிந்தது. அந்த அடுக்கைச் சீராகப் படியவைத்தது அணு அடுக்குப் படிவே.

தானாக ஒழுங்கமையும் முறைகளும் உண்டு. ஒன்றோடொன்று கலக்க விரும்பாத இரு பாலிமர்களை ஒரே சங்கிலியில் பிணைத்துவிட்டால், பிரியவும் முடியாமல் கலக்கவும் முடியாமல் அவை சீரான கோடுகளாகவும் புள்ளிகளாகவும் அமைகின்றன. பால் ரோத்தமுண்ட் 2006-இல் நீண்ட டி.என்.ஏ. இழையைச் சிறு இழைகளால் மடித்து வேண்டிய உருவங்களைச் செய்துகாட்டினார். இவற்றின் தடை பிழை விகிதம். வெப்பச் சமநிலையை நோக்கிச் செல்லும் எந்த அமைப்பிலும் சில குறைகள் எஞ்சும். சில்லு உற்பத்தி ஏற்கும் அளவுக்கு அவற்றைக் குறைப்பது கடினம். ஆகவே லித்தோகிராஃபி போட்ட வழிகாட்டிக் கோடுகளுக்கு நடுவே தானொழுங்கு நடக்குமாறு இரண்டையும் இணைக்கும் முயற்சிகளே நம்பிக்கை தருகின்றன.

அச்சிடுவதுபோல் அழுத்திப் பதிக்க முடியாதா?

முடியும். ஸ்டீபன் சூ 1995-இல் அறிமுகப்படுத்திய நானோ அச்சழுத்த முறையில், கடினமான அச்சை மென்மையான பாலிமரில் அழுத்தியே சில பத்து நானோமீட்டர் வடிவங்களைப் பதிக்கலாம். ஒளியின் அலைநீளம் இதற்கு எல்லையிடுவதில்லை. தொடுவதால் வரும் தூசும் அச்சின் தேய்மானமுமே இதன் இடையூறுகள். சிறு பழுதுகளைப் பொறுத்துக்கொள்ளும் ஒளியியல் கூறுகளுக்கு இது மிகவும் பொருத்தமானது.

தூய்மைக்கும் வெப்பநிலைக்கும் ஏன் இவ்வளவு கெடுபிடி?

ஐ.எஸ்.ஓ. 14644 தரத்தின் முதல் வகுப்புத் தூய அறையில், ஒரு கனமீட்டர் காற்றில் 0.1 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் பத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அத்தகைய ஒரு துகளே 100 நானோமீட்டர். பல மின்சுற்றுக் கோடுகளை ஒருசேர மூடிவிடப் போதுமானது.

வெப்பநிலையின் கணக்கு இன்னும் கடுமையானது. சிலிக்கான் ஒரு டிகிரிக்கு பத்து இலட்சத்தில் 2.6 பங்கு விரிகிறது. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டு ஒரே ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 780 நானோமீட்டர் நீளும். ஓர் அடுக்கை இன்னோர் அடுக்கின்மேல் சில நானோமீட்டர் பிழைக்குள் பொருத்த வேண்டிய இடத்தில், ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு மாறினாலும் அந்தப் பிழைவரம்பு முழுவதும் கரைந்துவிடும். தரையின் அதிர்வு, காற்றோட்டம், இயந்திரத்தின் தன் வெப்பம் எல்லாமே இக்கணக்கில் வருகின்றன.

திறன்மிகு பொருள் என்றால் என்ன? அது தானே சிந்திக்குமா?

சிந்திக்காது. வெப்பம், மின்புலம், காந்தப்புலம், ஒளி, தகைவு, ஈரம் போன்ற ஏதோ ஒரு தூண்டலுக்கு, கணிக்கத்தக்க வகையிலும் பெரும்பாலும் மீளத்தக்க வகையிலும் தன் வடிவத்தையோ விறைப்பையோ நிறத்தையோ வேறு பண்பையோ மாற்றிக்கொள்ளும் பொருளையே ஸ்மார்ட் பொருள் அல்லது திறன்மிகு பொருள் என்கிறோம். பொதுவாக, ஒருவகை ஆற்றலை இன்னொருவகையோடு வலுவாகப் பிணைக்கும் உள்ளமைப்பு அதற்கு இருக்கும். பொறியாளருக்கு இதன் பயன் எளிது: உணரியும் இயக்கியும் தனித்தனிப் பாகங்களாக இல்லாமல் பொருளுக்குள்ளேயே வந்துவிடுகின்றன, பல்லிணைகளும் மோட்டாரும் இருந்த இடத்தில் ஒரு கம்பியோ ஒரு தகடோ போதுமானதாகிறது.

அழுத்தமின் பொருள்கள் நானோ உற்பத்திக்கு ஏன் இன்றியமையாதவை?

பியர் கியூரியும் ழாக் கியூரியும் 1880-இல் குவார்ட்சு போன்ற படிகங்களை அழுத்தும்போது மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டார்கள்; மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் நீளும் என்னும் எதிர்விளைவும் விரைவில் உறுதியானது. இன்று பெரிதும் பயன்படுவது ஈய சிர்கோனேட் டைட்டனேட் என்னும் பீங்கான். அது நீளும் அளவு மிகக் குறைவு: தன் நீளத்தில் ஏறத்தாழ 0.1 விழுக்காடு. 10 மில்லிமீட்டர் உயரமுள்ள அடுக்கு 10 மைக்ரோமீட்டர் நகரும். வேறெங்கும் குறையாகத் தோன்றும் இது நானோ அளவில் பெரும் பேறு. மின்னழுத்தத்தை மெல்ல மாற்றினால் நகர்வும் நானோமீட்டரின் சிறு பங்குகளாகத் தொடர்ச்சியாக மாறும். பல்லிணைகளின் இடைவெளித் தளர்வோ உராய்வின் தடுக்கலோ இல்லை.

ஸ்கேனிங் டனலிங் நுண்ணோக்கி இதன்மேல்தான் நிற்கிறது. நுனிக்கும் பரப்புக்கும் இடையிலுள்ள இடைவெளி 0.1 நானோமீட்டர் மாறினால் மின்னோட்டம் ஏறத்தாழ பத்து மடங்கு மாறும். அந்த நுனியை அப்படியொரு நுட்பத்தோடு தாங்கி நகர்த்துவது அழுத்தமின் பீங்கானே. அணுவிசை நுண்ணோக்கியும் அப்படியே.

குறைகளும் உண்டு. ஏறும்போது செல்லும் பாதையில் இறங்கும்போது அது திரும்புவதில்லை; இந்தத் தயக்க விளைவு முழு நகர்வில் பத்து விழுக்காட்டை எட்டுவதும் உண்டு. மின்னழுத்தம் நிலையாக இருந்தாலும் நகர்வு மெல்ல ஊர்ந்துகொண்டே செல்லும். ஆகவே துல்லியம் வேண்டிய இடங்களில் தனி நிலை உணரி ஒன்றை வைத்துப் பின்னூட்டக் கட்டுப்பாட்டோடு இயக்குவார்கள். அதில் ஈயம் இருப்பதால் மாற்றுப் பொருள்களுக்கான தேடலும் தீவிரமாக நடக்கிறது.

வடிவ நினைவு உலோகக்கலவை தன் பழைய வடிவத்தை எப்படி நினைவில் வைத்திருக்கிறது?

நிக்கலும் டைட்டானியமும் ஏறத்தாழச் சம எண்ணிக்கை அணுக்களாகச் சேர்ந்த நிட்டினால் இவ்வகையில் முதன்மையானது. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வகத்தில் வில்லியம் பியூலரின் குழு 1960-களின் தொடக்கத்தில் இதன் நினைவுப் பண்பைக் கண்டது. உயர் வெப்பநிலையில் இதன் அணுக்கள் ஆஸ்டினைட் என்னும் சமச்சீரான ஒழுங்கிலும், தாழ் வெப்பநிலையில் மார்ட்டென்சைட் என்னும் சாய்ந்த ஒழுங்கிலும் இருக்கின்றன. சாய்வு பல திசைகளில் அமையலாம். குளிர்ந்த நிலையில் வளைக்கும்போது அணுக்களின் பிணைப்பு முறியாமல் சாய்வுத் திசை மட்டும் மாறுகிறது. சூடாக்கினால் எல்லாச் சாய்வுகளும் ஒரே ஆஸ்டினைட் ஒழுங்குக்குத் திரும்புவதால் பழைய வடிவம் மீள்கிறது. அணுக்கள் தம் அண்டை அணுக்களை இழக்காமல் கூட்டாக நகர்வதே இதன் அடிப்படை.

ஒருமுறை 8 விழுக்காடு வரை திரிபை (நீளத்தின் பங்காக அளக்கும் உருமாற்றத்தை) இது மீட்கும். ஆயிரக்கணக்கான முறை இயங்க வேண்டுமானால் அதில் பாதிக்கும் குறைவாகவே வடிவமைப்பது பாதுகாப்பு. இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட், பல் சீரமைப்புக் கம்பி போன்றவற்றில் உடல் வெப்பநிலையிலேயே மிகுமீட்சி காட்டும், அதாவது பெரிதும் வளைத்தாலும் விட்டவுடன் சூடாக்காமலே மீளும் அதன் இன்னொரு குணம் பயன்படுகிறது.

உற்பத்தியாளருக்கு இதில் பெருந்தொல்லை கலவை விகிதம். நிக்கலின் பங்கு ஓர் அணு விழுக்காடு கூடினால் உருமாற்ற வெப்பநிலை நூறு டிகிரி அளவுக்குச் சரியலாம். உருக்கும்போது ஆக்சிஜனும் கார்பனும் கலந்தாலும் அதே சிக்கல். ஆகவே ஒரே பட்டறையின் இரு வார்ப்புகளைக்கூட ஒன்றென்று எடுத்துக்கொள்ளாமல் தனித்தனியே சோதித்தாக வேண்டும்.

மற்ற வகைகளில் கவனிக்கத்தக்கவை எவை?

காந்தப்புலத்தில் மில்லிநொடிகளுக்குள் கெட்டியாகும் காந்தப் பாய்மங்களை 1948-இல் ஜேக்கப் ராபினோ முன்வைத்தார். 2002-இல் ஒரு காடிலாக் காரின் அதிர்வுத் தாங்கிகளில் அவை சாலைக்கு வந்தன. இவற்றில் உள்ள இரும்புத் துகள்கள் சில மைக்ரோமீட்டர் அளவானவை. அவை மெல்ல அடியில் படியும். படியாமலிருக்கத் துகளை 10 நானோமீட்டராகச் சிறிதாக்கினால் மூலக்கூறுகளின் வெப்ப அசைவே அவற்றை மிதக்கவைக்கும், ஆனால் அதே அசைவு காந்தப்புலம் கோக்கும் சங்கிலிகளையும் கலைத்துவிடுவதால் பாய்மம் போதிய அளவு கெட்டியாகாது. நானோ என்பதே சிறந்தது என்னும் எண்ணத்துக்கு இது தெளிவான மறுப்பு.

மின்னழுத்தத்தால் நிறம் மாறும் சாளரங்களில் டங்ஸ்டன் ஆக்சைடுப் படலம் பெரிதும் பயன்படுகிறது. சிறு அயனிகள் அதற்குள் நுழையும்போது அது நீலமாகிறது. தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் பாலிமரை 2001-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஒயிட்டின் குழு செய்துகாட்டியது: விரிசல் பரவும்போது நுண்ணுறைகள் உடைந்து உள்ளிருக்கும் நீர்மம் கசிந்து வினையூக்கியோடு சேர்ந்து இறுகுகிறது. முறிவுத் தாங்குதிறனில் 75 விழுக்காடு வரை மீண்டது. ஓர் இடத்தில் ஒருமுறைதான் ஆறும் என்பது அந்த முறையின் வரம்பு.

ஒரு வடிவமைப்புக்கு இவற்றுள் எதைத் தேர்வது?

முதலில் எவ்வளவு தொலைவு, எவ்வளவு விரைவு என்று கேட்க வேண்டும். நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை, மைக்ரோமீட்டர் அளவில் என்றால் அழுத்தமின் பீங்கான். சில விழுக்காடு நீளமாற்றம், பெருவிசை, மெதுவாக இருந்தாலும் போதும் என்றால் வடிவ நினைவுக் கம்பி; அது சூடாவது விரைவாக நடக்கும், குளிர்வதே நேரம் எடுக்கும், தந்த ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே போகும். காந்தப் பாய்மம் தானே எதையும் தள்ளாது, எதிர்க்க மட்டுமே செய்யும். அதனால் அதிர்வைத் தணிக்கும் இடங்களில் அது ஈடற்றது. வேலை செய்யும் இடத்தின் வெப்பநிலை வரம்பையும், தேவையான சுழற்சிகளின் எண்ணிக்கையையும் முடிவு செய்யாமல் பொருளைத் தேர்வது வீண்செலவில் முடியும்.

கார்பன் நானோகுழாயைக் கலந்தால் பிளாஸ்டிக் எஃகைப்போல் வலுவாகிவிடும் என்கிறார்களே?

சுமியோ இஜிமா 1991-இல் விரிவாக விவரித்த இக்குழாய்களின் யங் குணகம் (விறைப்பின் அளவு) ஏறத்தாழ 1,000 கிகாபாஸ்கல் என்பது உண்மையே. ஆனால் கலப்புப் பொருளில் கணக்கு வேறு. எப்பாக்சி பிசினின் குணகம் சுமார் 3 கிகாபாஸ்கல். அதில் பருமனளவில் 1 விழுக்காடு குழாய்களைச் சேர்த்து, எல்லாம் ஒரே திசையில் நின்று, பிசினோடு முழுமையாகப் பிணைந்தால் 10 கிகாபாஸ்கல் கூடலாம். அவை எல்லாத் திசைகளிலும் சிதறியிருந்தால் ஐந்தில் ஒரு பங்கே பயனாகும். நடைமுறையில் குழாய்கள் ஒன்றையொன்று ஈர்த்து முடிச்சுகளாகத் திரள்வதால் அந்த அளவும் கிட்டுவது அரிது.

மின்கடத்தலில் நிலைமை நேர்மாறு. ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான குழாய்களே ஒன்றையொன்று தொட்டு வலையாகிப் பிளாஸ்டிக்கைக் கடத்தியாக்கிவிடும். நிலைமின்னைத் தவிர்க்கும் பிளாஸ்டிக்குகளிலும் லித்தியம் அயனி மின்கலங்களின் மின்வாய்களிலும் அவை பயன்படுவது இதனால்தான். பொருள் நீளும்போது அந்த வலையின் தொடுபுள்ளிகள் விலகி மின்தடை மாறுகிறது. இதைக் கொண்டு, கட்டமைப்பே தன் திரிபையும் விரிசலையும் தெரிவிக்குமாறு செய்யலாம். நானோகுழாய் தன் வலிமையால் புகழ்பெற்றது. கலப்புப் பொருளில் அது இதுவரை கூடுதலாகப் பயன்பட்டிருப்பது மின்பண்புகளுக்காகவே.

இவை உடல்நலத்துக்குத் தீங்கானவையா?

நானோ என்பதால் மட்டும் எதுவும் நஞ்சாகாது. வடிவமும், கரையும் தன்மையும், உடலில் நுழையும் வழியும் முடிவு செய்கின்றன. மிகுந்த கவலைக்குரியது மூச்சின் வழியே உள்ளே செல்லும், கரையாத, நீண்டு விறைப்பான இழைகள். 2014-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் பலசுவர் நானோகுழாய்களில் ஒரு குறிப்பிட்ட வகையை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் வைத்தது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2013-இல் பணியிடக் காற்றில் கார்பன் நானோகுழாய்களுக்குப் பரிந்துரைத்த வரம்பு, ஒரு கனமீட்டருக்கு 1 மைக்ரோகிராம்.

பிசினுக்குள் இறுகிய துகளும் காற்றில் பறக்கும் பொடியும் ஒன்றல்ல. ஆபத்து மிகுவது பொடியைக் கொட்டும்போதும், எடைபோடும்போதும், இறுகிய பொருளை அறுத்துத் தேய்க்கும்போதும்தான். மூடிய அறைக்குள் கையாள்வதும், பொடிக்குப் பதிலாக நீர்மத்தில் கலந்த நிலையில் வாங்குவதும், தகுந்த வடிகட்டியோடு காற்றை வெளியேற்றுவதும் முகக்கவசத்துக்கு முன் செய்ய வேண்டியவை. ஆய்வு மாணவர்கள் திறந்த மேசையில் இப்பொடிகளை எடைபோடுவதை எந்தத் துறைத் தலைவரும் அனுமதிக்கக் கூடாது.

"நானோ" என்றோ "ஸ்மார்ட்" என்றோ சொல்லி ஒரு பொருளை விற்க வருபவரிடம் என்ன கேட்க வேண்டும்?

நானோ பொருள் என்றால் துகளின் சராசரி அளவோடு நிற்காமல் அளவுப் பரவலைக் கேளுங்கள். எந்த முறையில் அளந்தார்கள், உலர்ந்த நிலையிலா நீர்மத்திலா என்பதையும் கேளுங்கள். 20 நானோமீட்டர் என்று விற்கப்படும் பொடி, கலந்த பிறகு பல மைக்ரோமீட்டர் திரள்களாகக் கிடந்தால் நீங்கள் பெறுவது சாதாரண நிரப்பியின் பண்புகளையே. ஆகவே இறுதிப் பொருளை வெட்டி எடுத்த எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தைக் கேட்பது முறை.

திறன்மிகு பொருள் என்றால் முதல் சுழற்சியின் எண்ணை மட்டும் ஏற்காதீர்கள். எந்தச் சுமையில், எந்த வெப்பநிலையில், எத்தனை சுழற்சிகளுக்குப் பிறகு துலங்கல் எவ்வளவு குறைந்தது என்னும் வரைபடம் வேண்டும். ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் இடையே அந்த வரைபடம் எவ்வளவு மாறுகிறது என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மாதிரியாகத் தந்த பத்துத் துண்டுகள் சிறப்பாக இயங்குவதற்கும் பத்தாயிரம் துண்டுகள் ஒரே மாதிரி இயங்குவதற்கும் உள்ள தொலைவு அதில்தான் தெரியும்.